பிறர் உணவும் நம் நாவும்

நாவுக்கு இரு பணிகள் உண்டு. ஒன்று சுவைத்தல், மற்றொன்று சொல்லுதல். பிறர் வீட்டு உணவின் முன் அமரும்போது இவ்விரண்டும் ஒரே நொடியில் விழித்துக்கொள்கின்றன. சுவைக்கும் நா 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று உணர்வது குற்றமா? சொல்லும் நா 'இதுவும் ஓர் உணவா?' என்று கேட்பது குற்றமா? இரண்டும் ஒன்றுதானா, வேறுவேறா? இவ்வினாவை எம் உள்ளத்தில் எழுப்பிய நிகழ்ச்சி எம் இல்லத்திலேயே நடந்தது. அதில் குற்றம் எம் பக்கத்தில் இருந்ததால், அதனை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

2012ஆம் ஆண்டு. எம் ஊரை அடுத்த நகரத்துக் கல்லூரியில் சூடான் நாட்டு இளைஞர் ஒருவர் பயின்றுவந்தார். தார்ஃபூர் பகுதியைச் சேர்ந்தவர். வெள்ளிக்கிழமைகளில் எம் பள்ளிவாசலுக்குத் தொழ வருவார். அரபு பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் தொழுகை முடிந்ததும் எம்மோடு அமர்ந்துவிடுவார். எமது அரபு கிதாபுகளில் கற்ற அரபு. அவருடையது தாய்மடியில் கற்றது. எம் இலக்கணத்தைக் கேட்டு அவர் புன்னகைப்பார். அவர் பேச்சின் விரைவில் யாம் தடுமாறுவோம். எம் இல்லத்துச் சோற்றைப் பலமுறை உண்டவர், ஒருநாள், "உஸ்தாத், என் தாயார் சமைப்பதைப்போல் உங்களுக்கு ஒருமுறை சமைத்துத் தர அனுமதி கொடுங்கள்" என்றார். அடுக்களையை அவரிடம் ஒப்படைத்தோம்.

சோள மாவை வாங்கிவந்து 'அஸீதா' கிண்டினார். இரண்டு மணி நேரம் வியர்க்க வியர்க்க நின்றார். சஹனின் நடுவில் வெண்சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். அதனைச் சுற்றிப் பழுப்பு நிறக் குழம்பு. பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணத் தொடங்கினோம். அப்போது எட்டு வயதான எம் இளைய மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "வாப்பா, போஸ்டர் ஒட்டுற பசை மாதிரில்ல இருக்கு!" என்றான். அனைவரும் சிரித்துவிட்டோம். யாமும் சிரித்தோம். விருந்தளித்தவர் முகம் மலர்ந்து, "தம்பி என்ன சொல்கிறார்?" என்று அரபியில் வினவினார். "மிகச் சுவையாக இருக்கிறதாம்" என்று யாம் மொழிபெயர்த்தோம். அவர் தலையசைத்து, சிறுவன் பக்கம் இன்னும் சிறிது குழம்பை ஊற்றினார். விடைபெறும்போது வாசலில் நின்று, சிறுவனின் தோளைத் தட்டி, தமிழில் சொன்னார்: "தம்பி, அடுத்த தடவை பாலும் சீனியும் ஊத்தித் தரேன். பசை இனிப்பா இருக்கும்."

இரண்டாண்டு விடுதி வாழ்க்கை அவருக்கு அவ்வளவு தமிழைக் கற்பித்திருந்தது. சிறுவன் சொன்னதும் அவருக்கு விளங்கியது. அரபு ஆசிரியர் ஒருவர் அதனை எவ்வாறு பெயர்த்தார் என்பதும் விளங்கியது.

இதனை எண்ணும்போதெல்லாம் யாம் இப்னு பதூதாவை நினைத்துக்கொள்வோம். எம் குற்றத்திற்குப் பெரியதொரு துணை தேடுகிறோம் என்று வாசகர்கள் கருதினாலும் தவறில்லை. 1304இல் மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்து, உலகைச் சுற்றி, நம் மதுரைக்கும் வந்துபோன அப்பெரும்பயணி, தம் நினைவுகளைச் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி 1355இல் முடித்த 'ரிஹ்லா' என்னும் நூலை யாம் மாணவப் பருவத்தில் மொழிப்பயிற்சிக்காகப் படித்தோம். பின்னர் உணவுக்காகவே மீண்டும் படித்தோம். ஆப்பிரிக்க மக்களின் அன்றைய உணவைக் கண்ணாற்கண்டு எழுதியவர் அவர்.

1331இல் அவர் மகதிஷூ துறைமுகத்தில் இறங்கினார். இன்றைய சோமாலியாவின் மொகதிஷு அதுவே. அங்கே அவருக்கு வைக்கப்பட்ட விருந்தைப் படித்தால் நம் கடற்கரை ஊர்களின் வாசகர்கள் வியப்படைவர். பெரிய மரத்தாலத்தில் நெய்ச்சோறு, அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றாலான கறிகள், பாலில் வேகவைத்த வாழைக்காய், தயிர், ஊறுகாயாக்கிய எலுமிச்சையும் மிளகுக் கொத்தும், பச்சை இஞ்சி, மாங்காய். இவ்வூரார் ஒருவர் உண்பதை எங்களில் ஒரு கூட்டமே உண்ணவேண்டும் என்று நகைச்சுவையோடு எழுதிச் செல்கிறார். அவ்விருந்து அவருக்குப் பிடித்திருந்தது என்பது எழுத்திலேயே தெரிகிறது.

இருபத்தோராண்டுகள் கழித்து, 1352இல், சஹாராவைக் கடந்து மாலிப் பேரரசின் எல்லை ஊராகிய வலாத்தாவை அடைந்தார். அவ்வூர் அதிகாரி வணிகக் கூட்டத்தாரை விருந்துக்கு அழைத்தார். குடுக்கையைப் பாதியாக வெட்டிக் கிண்ணமாக்கி, அதில் இடித்த கம்பு மாவுடன் சிறிது தேனும் பாலும் கலந்து வைத்தார்கள். இதற்காகவா நம்மை அழைத்தார் என்று பயணியார் தம் தோழர்களைக் கேட்டார். ஆம், இவர்களிடம் இதுவே ஆகச் சிறந்த விருந்து என்றார்கள். இம்மக்களிடம் நன்மை எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். பின்னர்த் தலைநகரில், மன்னர் மன்ஸா சுலைமானின் அன்பளிப்பு வருகிறது என்றதும் பட்டாடையும் பொன்னும் வருமென்று எழுந்து நின்றார். வந்தவை மூன்று ரொட்டிகள், ஒருவகை மரக்கொட்டை நெய்யில் பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, குடுக்கையில் தயிர். அவர் சிரித்துவிட்டார். ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் எம் வீட்டில் எழுந்ததும் அச்சிரிப்பே.

அவருக்கு நியாயம் வழங்கவேண்டும். மாலியில் ஒருவகைக் கிழங்குக் கூழை உண்டு அறுவர் நோயுற்று ஒருவர் இறந்தார். இவரும் இரு மாதம் படுத்திருந்தார். அதன்பின் அயலூர் உணவைக் கண்டு ஐயுற்றிருந்தால் யாரும் குறைகூற மாட்டார்கள். ஆனால் வலாத்தாவில் கம்புக் கிண்ணத்தை இகழ்ந்தது நோய்க்கு முன்பு. அவர் செய்த பிழை எது? கம்பு மாவு அவர் நாவுக்கு உவக்கவில்லை என்பதன்று. ஒரு கிண்ணத்தைப் பார்த்து ஒரு மக்களினத்தைப் பற்றித் தீர்ப்பெழுதினார் என்பதே. அத்தீர்ப்பைப் பொய்ப்பித்தவரும் அவரேதாம். அம்மக்களின் நீதியுணர்வையும், அந்நாட்டில் வழிப்போக்கனுக்கும் உள்ளூரானுக்கும் கள்வர் பயமில்லை என்பதையும், குர்ஆனை மனனம் செய்விப்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பையும் அதே நூலில் புகழ்ந்திருக்கிறார். தாமும் ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்தவர் என்பது அவர் நினைவில் வந்ததாகத் தெரியவில்லை.

நெய்ச்சோறு விருந்தாகத் தோன்றியவருக்குக் கம்பு ஏன் இகழ்ச்சியாகத் தோன்றியது? தானியங்களுக்கு மனிதர்கள் குலமும் கோத்திரமும் கற்பித்திருக்கிறார்கள். கோதுமையும் நெல்லும் மேலே. கம்பும் சோளமும் கேழ்வரகும் கீழே. ஏழை உண்பது இழிந்த உணவென்றும், இழிந்த உணவை உண்பவன் இழிந்தவனென்றும் வாதம் வட்டமாகச் சுற்றுகிறது. தர்க்கம் பயிலும் எம் மாணவர் எவரேனும் இத்தகைய வாதத்தை எழுதினால் அதே வரியில் சிவப்புக் கோடிடுவோம். ஆனால் பந்தியில் அமர்ந்தவுடன் நாமே இதனை நம்பிவிடுகிறோம்.

நம் மொழியையே பாருங்கள். 'களி தின்ன வைத்துவிடுவேன்' என்றால் சிறைக்கு அனுப்புவேன் என்று பொருள். நம் பாட்டன்மார்கள் ஏர் பிடிக்கும் வலிமையைப் பெற்ற உணவு, பழிச்சொல்லில் சிறையுணவாகிவிட்டது. அந்தக் கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கம்பு, சஹாராவின் தென்விளிம்பில் மேற்காப்பிரிக்க மக்கள் புல்லிலிருந்து பயிராக்கியது. சோளத்தை முதன்முதலாகப் பயிராக்கியதற்கான மிகப் பழைய சான்றுகள், சுமார் 5000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை, கிழக்குச் சூடானில் கிடைத்திருக்கின்றன. காராமணியும் ஆப்பிரிக்காவினது. இவையெல்லாம் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கடல் கடந்து இந்திய நிலத்தில் வேரூன்றிவிட்டன. நம் மீன்குழம்பின் உயிராகிய புளியின் மரமும் வெப்ப ஆப்பிரிக்காவின் மரமே. அரபிகள் அதற்குத் 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சம்பழம், என்று பெயரிட்டார்கள். இந்நாட்டு வணிகரிடமிருந்து வாங்கியதால் இந்நாட்டுப் பொருள் என்று கருதிவிட்டார்கள். ஆகவே ஆப்பிரிக்க உணவை நம் வீட்டில் சமைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு எம் முதல் விடை: எப்போதோ சமைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பிடிக்காத உணவைப் பிடித்ததாகச் சொல்வது பொய்யன்றோ? மனம் புண்படாதிருக்கப் பொய் சொல்வதா, உண்மை சொல்லிப் புண்படுத்துவதா? எம் மகன் உண்மையைச் சொன்னான். யாம் பொய்யைச் சொன்னோம். இருவரில் யார் பிழைத்தவர்?

ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு வழிகாட்டுகிறது. ஒரு விருந்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நீட்டினார்கள். இன்னதென்று அறிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இல்லை, இது தம் சமூகத்தார் வாழும் மண்ணில் இல்லாததால் தமக்கு மனம் கொள்ளவில்லை என்ற கருத்தில் விடை வந்தது. காலித் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், பெருமானார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணவில் குறைகூறுவது அவர்களின் வழக்கமன்று. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்பதும் மார்க்க நூல்களில் பதிவானதே.

இந்நிகழ்ச்சியைச் சட்டப் பாடமாகப் பலமுறை நடத்தியிருக்கிறோம். உடும்பு ஆகுமா ஆகாதா என்பதில் இமாம்களின் கருத்து வேறுபாடுகளை வரிசையாகச் சொல்வோம். அதிலிருக்கும் அதபைக் கவனித்ததில்லை. பிடிக்கவில்லை என்ற உண்மை மறைக்கப்படவில்லை. ஆனால் காரணம் உணவின்மேல் சுமத்தப்படவில்லை; தம் பழக்கத்தின்மேல் வைக்கப்பட்டது. உண்பவருக்குத் தடையும் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. உண்மைக்கும் இரக்கத்திற்கும் இடையே ஒன்றைப் பலியிடவேண்டும் என்று யாம் எண்ணியது எம் அறியாமை. "எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது புதிது, பழக வேண்டும்" என்று அன்று சொல்லியிருக்கலாம். அது பொய்யுமாகாது, புண்ணும் ஆகாது. பொய் மொழிபெயர்ப்பு அந்த இளைஞரை இரண்டாம் முறை சிறுமைப்படுத்தியது. முதற் சிறுமை குழந்தையுடையது, இரண்டாவது கற்றறிந்தவருடையது.

ஆகவே விரும்புவது கடமையன்று. இகழாதிருப்பது கடமை. இவ்வளவும் வாயளவில் ஒப்புக்கொள்வது எளிது. ஆனால் இகழ்ச்சி அறிவில் இருப்பதன்று, குடலில் இருப்பது, வாதத்தால் வெளியேறாது. அது வெளியேற யாம் கண்ட வழி, அவ்வுணவை நம் கையாலேயே சமைப்பதுதான். கிண்டிக் கிண்டித் தோள் வலித்தவன் அதனைப் பசை என்று சொல்ல மாட்டான்.

செனகல் நாட்டின் 'செபு ஜென்' என்பதை எடுத்துக்கொள்வோம். வோலோஃப் மொழியில் சோறும் மீனும் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அந்நாட்டு நிலங்கள் ஏற்றுமதிக்கான நிலக்கடலைக்குத் திருப்பப்பட்டன. உணவுக்கு இந்தோசீனாவிலிருந்து மலிவான நொய் இறக்குமதியானது. ஆலையில் கழிவாகக் கருதப்படும் நொய்யைத் தலையில் கட்டினார்கள். அந்த நொய்யைக் கொண்டே செனகல் பெண்கள் ஓர் அரிய உணவைப் படைத்தார்கள். ஸேன் லூயி நகரின் பெந்தா ம்பாய் என்ற பெண்மணியின் பெயரை மரபு அதனோடு சேர்த்துச் சொல்கிறது. முழு அரிசி வாங்க வசதி வந்த பின்னும் அவர்கள் நொய்யையே நாடுகிறார்கள். குழம்பை உறிஞ்சுவதில் அதற்கு இணையில்லை என்பர். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நோன்புக் கஞ்சியின் நொய்யை அறிந்த நம் பெண்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

எம் துணைவியார் இதனைச் சமைக்கும் முறை வருமாறு. நல்ல களவா மீனைப் பெரிய துண்டுகளாக்கி, சதையில் ஆழக் கீறி, பூண்டு, மிளகு, பச்சைமிளகாய், தழை ஆகியவற்றை இடித்துக் கீறலுக்குள் திணித்துக் கடலை எண்ணெயில் பொரித்தெடுப்பார். அதே எண்ணெயில் வெங்காயத்தையும் அரைத்த தக்காளியையும் கருஞ்சிவப்பாகும் வரை வதக்குவார். இங்கே அவசரப்பட்டால் எல்லாம் கெடும். நீர் ஊற்றிக் கொதித்ததும் மரவள்ளி, முட்டைக்கோஸ், கேரட், கத்தரி ஆகியவற்றைப் பெரிய துண்டுகளாகவே போட்டு, ஒரு துண்டு கருவாடும், கடைசியில் சிறிது புளியும் சேர்ப்பார். மீனையும் சிறிது நேரம் அதில் வேகவிட்டு, வெந்தவற்றை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இட்லிப் பானையில் அரைவேக்காடாக அவித்த நொய்யை அக்குழம்பில் கொட்டிச் சிறு தீயில் மூடிவைப்பார். அடியில் பிடிக்கும் பொருக்கைச் சுரண்டித் தனியே வைக்கவேண்டும். செனகலில் அதற்குத்தான் போட்டி. எம் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது.

அவர்கள் கீறலில் திணிப்பது பார்ஸ்லி என்னும் தழை; நாம் கொத்தமல்லி திணிக்கிறோம். அவர்கள் சேர்க்கும் புளிக்கவைத்த கடல்நத்தையை நாம் சேர்ப்பதில்லை. இவ்வாறு மாற்றிய பின்னும் அதே பெயரால் அழைக்கலாமா? இது வெறும் சமையல் வினாவன்று. 2014இல் ஜேமி ஆலிவர் என்ற ஆங்கிலேயச் சமையற்கலைஞர், மேற்காப்பிரிக்கரின் 'ஜொல்லாஃப்' சோற்றுக்குத் தம் மனம்போல் ஒரு செய்முறையை வெளியிட்டபோது அம்மக்கள் கொதித்தெழுந்தார்கள். எம் கருத்து இது: ஹதீஸை அறிவிப்போர், சொல் பிசகாமல் நினைவில்லாதபோது கருத்தை மட்டும் அறிவித்து, இறுதியில் 'அல்லது அவர்கள் சொன்னவாறு' என்ற பொருள்படும் ஒரு சொற்றொடரைச் சேர்ப்பார்கள். தம் சொல்லை மூலச் சொல்லாகக் காட்டிக்கொள்ளாத பணிவு அது. கொத்தமல்லி திணித்தவர்களும் விருந்தினரிடம் அவ்வாறே சொல்லிவிடட்டும், குற்றம் நீங்கிவிடும்.

செபு ஜென்னைப் பெரிய வட்டத் தாலத்தில் கொட்டி, நடுவில் மீனையும் காய்களையும் வைத்துச் சுற்றி அமர்ந்து உண்பார்கள். ஒவ்வொருவரும் தமக்கு முன்னுள்ளதையே உண்ணவேண்டும். வீட்டுத் தலைவி மீனைப் பிட்டு ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிக்கொடுப்பார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கு இவ்வொழுங்கு அந்நியமன்று. ஒரே தட்டில் உண்பவரின் உணவை இகழ்வதற்கு இடமேயில்லை. இகழ்ந்தால் நம் பங்கையே இகழ்கிறோம்.

அஸீதாவுக்கு வருவோம். 'அஸத' என்னும் வேர்ச்சொல்லுக்கு முறுக்குதல், திருப்புதல் என்று பொருள்; கரண்டியால் முறுக்கி முறுக்கிக் கிண்டுவதால் அப்பெயர் என்று அகராதியாளர் கூறுவர். நம் 'களி கிண்டுதல்' என்பதும் அதுவே. ஒரு பங்கு சோள மாவுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு நீர். மாவில் கொஞ்சத்தைக் குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதிநீரில் ஊற்றிக் கஞ்சியானதும், மீதி மாவைச் சிறிது சிறிதாகத் தூவித் துடுப்பால் விடாமல் கிண்டவேண்டும். எண்ணெய் தடவிய கிண்ணத்தில் அழுத்திச் சஹனில் கவிழ்க்கவேண்டும். 'முலாஹ்' என்னும் குழம்புக்கு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயில் நன்கு சிவக்க வதக்கி, இடித்த உப்புக்கண்டமும் தக்காளியும் சேர்த்து நீர்விட்டுக் கொதிக்கவைத்து, 'வய்க்கா' என்னும் உலர்ந்த வெண்டைக்காய்ப் பொடியைத் தூவிக் கடையவேண்டும். வெண்டைக்காயை வட்டமாக நறுக்கி மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்தால் அப்பொடி கிடைத்துவிடும்.

2023 ஏப்ரல் 15ஆம் நாள் சூடானில் இராணுவத்திற்கும் துணைப் படைக்கும் இடையே போர் மூண்டது. 2024 ஆகஸ்டில் தார்ஃபூரின் ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் நிலவுவதாக உறுதிசெய்யப்பட்டது. அருகிலுள்ள அல்ஃபாஷிர் நகரம் 2024 மே முதல் முற்றுகையிடப்பட்டு 2025 அக்டோபரில் வீழ்ந்தது. முற்றுகைக்குள் சோளமும் தீர்ந்தபோது மக்கள் 'அம்பாஸ்' உண்டார்கள். நிலக்கடலையிலிருந்து எண்ணெய் ஆட்டிய பின் எஞ்சும் சக்கை அது, கால்நடைத் தீவனம். நம் மொழியில் புண்ணாக்கு. அச்சொல்லையும் நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். போர் நடந்த ஊர்களில் இளைஞர்களும் பெண்களும் தெருவுக்குத் தெரு பொதுச் சமையற்கூடங்களைத் திறந்து, பெரிய அண்டாக்களில் பருப்பும் அஸீதாவும் சமைத்து வழங்கினார்கள். அக்கூடங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தகிய்யா'. நம் ஊர்களில் 'தைக்கா' என்று வழங்குவதும் அச்சொல்லே.

அந்த இளைஞர் படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பின்னும் பெருநாள்தோறும் வாழ்த்து அனுப்பிவந்தார். 2023ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் போர் தொடங்கிய அடுத்த வாரம் வந்தது. அன்று செய்தி வரவில்லை. அதன்பின்னும் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எம் இல்லத்தில் அஸீதா கிண்டினோம். துடுப்பைப் பிடித்தவன் எம் இளைய மகன். இப்போது இருபத்திரண்டு வயது. முதல் முறை மாவு கட்டிதட்டிவிட்டது, ஆட்டுக்கு வைத்தோம். இரண்டாம் முறை நன்றாக வந்தது. சஹனில் கவிழ்த்துச் சுற்றி அமர்ந்தோம். அவன் தன் பக்கத்தில் பிட்டு, குழம்பில் தோய்த்து உண்டான். சிறிது நேரம் கழித்து, "வாப்பா, அன்னைக்கு அவர் என்ன சொன்னார்? பாலும் சீனியுமா?" என்று கேட்டான். அவன் உம்மா எழுந்துபோய்ப் பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்தார்.